மூச்சு விடாதீங்க

அண்ணன் அந்தப் பலகையை மாட்டிய நாளிலிருந்தே தங்கைக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கடை வாசலில், கண்ணாடிக் கதவுக்கு மேலே, ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் நீளத்துக்கு நீலப் பலகை. அதில் மஞ்சள் எழுத்தில், 'நீச்சல் எதுக்கு? துணிச்சல் இருக்கு!' கீழே கொஞ்சம் சின்னதாக, 'மூன்றே நாளில் ஸ்கூபா டைவிங்'. ஓரத்தில் ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது. அது சிரிக்காமல் என்ன செய்யும், அதற்கு நீச்சல் தெரியும்.

"எதுகை மோனையைப் பாரு பாப்பா. ராத்திரி பூரா தூங்காம யோசிச்சேன்," என்றான் அண்ணன்.

"துணிச்சல் மிதக்காது," என்றாள் தங்கை.

"எதைச் சொன்னாலும் அபசகுனமாவே பேசு."

அவளுக்கு வயது இருபத்தெட்டு. கடலுக்குள் எத்தனை தடவை இறங்கினோம் என்று எண்ணுவதையே விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. அண்ணனுக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பாதான். பயிற்சிக்கு வருகிறவர்கள் முன்னாலும் பாப்பாதான். "பாப்பா சொல்ற மாதிரி கேட்டு நடந்துக்கோங்க சார்" என்று அவன் சொன்னதும், வந்திருக்கும் பெரிய மனிதர்கள் கன்னத்தைக் கிள்ளலாமா வேண்டாமா என்பது போல அவளைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையோடுதான் ஒவ்வொரு வகுப்பையும் அவள் தொடங்க வேண்டியிருந்தது.

அண்ணன் முன்பு இதே கடையில் மெத்தை விற்றான். மெத்தை வியாபாரம் என்பதாலோ என்னவோ, அது ஒரு நாள் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கவே இல்லை. அந்தச் சமயம் பார்த்துத் தங்கை டைவிங் சொல்லித்தரும் தகுதியோடு வீடு திரும்பினாள். "கடை என்னுது, கடல் உன்னுது" என்று அண்ணன் பாகப்பிரிவினை செய்தான். விற்காமல் போன இரட்டை மெத்தை ஒன்று பின்னறையில் இன்னும் கிடந்தது. ஈர உடைகள் அதன்மேல் காய்ந்தன. மெத்தை வாங்க வருகிறவரிடம் உனக்குத் தூங்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அதே நியாயத்தை அண்ணன் கடலுக்கும் கொண்டுவந்துவிட்டான்.

"உள்ள போறவங்க எல்லாரும் மூழ்கத்தானே போறாங்க? மூழ்குறதுக்கு எதுக்கு பாப்பா நீச்சல்?"

"மூழ்குறதுக்கு வேண்டாம் அண்ணா. மேல வந்தப்புறம்தான் வேணும்."

"மேல வந்துட்டா அதான் வந்தாச்சே."

"மேலன்னா வீடுன்னு நினைச்சியா? படகு தள்ளிப் போயிருக்கும். அலை மூஞ்சில அடிக்கும். சிலிண்டர்ல காத்து தீர்ந்திருக்கும். அப்ப துணிச்சலை வெச்சு என்ன பண்றது, கட்டிப் பிடிச்சுக்கறதா? சும்மா ஒரு தடவை மீன் பாக்கணும்னு வர்றவங்களுக்கு நீச்சல் வேண்டாம். நான் கையை விடாமக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். கத்துக்கிட்டு இனிமே நானே இறங்குவேன்னு சொல்ற ஆளுக்கு நீந்தவும் தெரியணும், மிதக்கவும் தெரியணும். ஏன்னா அவருக்குப் பக்கத்துல நான் இருக்க மாட்டேன்."

அண்ணன் யோசித்தான். அவன் யோசிக்கும் விதம் மெத்தை விற்ற காலத்திலிருந்தே மாறவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்ப்பான், கொஞ்ச நேரம் மேலே பார்ப்பான், பிறகு முன்பு சொன்னதையே சொல்வான்.

"எதுகை மோனை போயிடும் பாப்பா."

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பலகை இருக்கட்டும். ஆனால் கற்றுக்கொள்ள வருகிற எவரும் முதலில் நீச்சல் குளத்தை நாலு தடவை நீந்திக் கடக்க வேண்டும், பத்து நிமிஷம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். அது முடியாதவர் குளத்தின் ஆழமான பக்கம் போக மாட்டார், படகிலும் ஏற மாட்டார். அண்ணன் சத்தியம் செய்தான். முன் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்கும் அண்ணி தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவன் செய்த சத்தியங்களை அவள் தங்கையைவிட நிறையப் பார்த்திருந்தாள்.

அப்புறம் ஏலக்காரர் வந்தார்.

பழைய சாமான்களை ஏலம் விடுகிறவர். பீரோ, கட்டில், நின்றுபோன கடிகாரம், கால் உடைந்த நாற்காலி என்று ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு, மூச்சு வாங்காமல் ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம் சொல்லக்கூடியவர். வயிறும் குரலும் ஒரே அளவு. அவருடைய மகள் தூரத்தில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தில் மீன்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். போன் செய்யும்போதெல்லாம் தண்ணீருக்கடியில் பார்த்ததைச் சொல்வாள்.

"நானும் ஓஹோங்கறேன் மேடம். எதைச் சொன்னாலும் ஓஹோ. எத்தனை நாளைக்குத்தான் பெத்த பொண்ணுகிட்ட ஓஹோன்னே சொல்லிட்டிருக்கறது? அதான் கத்துக்கிட்டு அவகூட இறங்கலாம்னு."

தங்கைக்கு அவரைப் பிடித்துவிட்டது. மகள் சனிக்கிழமை வருகிறாள். அன்று காலையே படகு. அப்பாவும் மகளும் ஜோடியாக, வேறு துணையில்லாமல் இறங்க வேண்டும் என்பது திட்டம். மகளுக்கு இன்னும் தெரியாது, படகில் ஏற்றிய பிறகு சொல்லி அசத்தப் போகிறார். அவர் இறங்கத் தகுதியானவர் என்று தங்கை கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அதற்குப் பிறகு அந்த மனிதரும் கடலும்தான்.

அவருக்கு நீச்சல் சோதனை வைத்த அன்று தங்கை வேறொரு குழுவோடு கடலில் இருந்தாள். கரைக்கு வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"போனாரு பாப்பா. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை. நான் கூடவே இருந்து பார்த்தேன்."

"மிதந்தாரா?"

"அவர் உடம்பைப் பார்த்தேல்ல? மிதக்காம எங்க போயிடுவாரு?"

நம்பினாள். பின்னால் எல்லாவற்றையும்விட அவளுக்கு அதிகம் எரிந்தது அதுதான். இருபத்தெட்டு வருஷம் அண்ணனாக இருந்த ஒருத்தனைப் போய் நம்பியது.

வெள்ளிக்கிழமை பிற்பகல், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் இருந்த நீச்சல் குளத்தில் வகுப்பு. அண்ணன் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஏலக்காரர் உடம்பில் காற்று நிரப்பும் சட்டை, முதுகில் சிலிண்டர், முகத்தில் மாஸ்க், வாயில் காற்றுக்குழாயோடு ஆழமில்லாத பக்கத்தில் தண்ணீருக்குள் மண்டியிட்டிருந்தார். எதிரே தங்கை. மூச்சை இழுக்க வேண்டும், விட வேண்டும். விடும்போது குமிழிகள் மேலே போகும். அவ்வளவுதான் பாடம்.

குமிழியே வரவில்லை.

தங்கை கையால் காட்டினாள். விரல்களை விரித்து விரித்து மேலே அனுப்பினாள். அவர் தலையாட்டினார். கண் பிதுங்கியது. ரொம்ப நேரம் கழித்து, திருட்டுத்தனமாக, வாயோரத்தில் ஒரே ஒரு குமிழி எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. தங்கை அவரை எழுப்பி நிறுத்தினாள்.

"சார், மூச்சை அடக்காதீங்க. இதுதான் முதல் பாடம், இதுதான் கடைசிப் பாடம், நடுவுல இருக்கற பாடமும் இதேதான்."

"சரிங்க மேடம்."

மறுபடி உள்ளே. மறுபடி பிதுங்கல். ஏலம் விட்டுப் பழகிய நுரையீரல், பீரோவிலிருந்து நாற்காலி வரை தாங்கியது. மறுபடி எழுப்பினாள்.

"விளையாடறீங்களா? ஆழத்துல நெஞ்சு நிறையக் காத்தை வெச்சுக்கிட்டு மேல வந்தீங்கன்னா உள்ள இருக்கற காத்து விரியும். நுரையீரல் கிழிஞ்சுடும் சார். உங்க பொண்ணு உங்களைப் பெட்டியில வெச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?"

அவர் முகம் வெளுத்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை அவளைத் தாண்டி அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் போனது. தங்கை திரும்பினாள். அண்ணன் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்ததும் அந்த விரலால் மூக்கைச் சொறிந்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல பாப்பா. குளோரின் நெடி."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. குளத்தை வாடகைக்கு விட்டவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். தங்கைக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. பெரிய மனிதர், பயம், ஆழத்துக்குப் போனால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். கோபத்தில் எடுத்த முடிவு. கடைசிப் படிவரை கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ஆழமான பக்கத்தில் அவரோடு இறங்கினாள்.

தரைக்குப் போகும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தரையைத் தொட்டதும் ஏலக்காரர் இழுக்க ஆரம்பித்தார். இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். ஒரு பொட்டுக் காற்றும் வெளியே வரவில்லை. அவர் நெஞ்சு பந்து மாதிரி உப்பியது. பிறகு பந்து செய்வதையே செய்தது. மேலே கிளம்பியது.

தங்கை பாய்ந்து அவர் தோள்பட்டையைப் பிடித்தாள். மற்றொரு கையின் முட்டியால் அவர் வயிற்றில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் குமிழி கொட்டியது, ஒரு பிற்பகல் பூராவும் சேர்த்து வைத்த குமிழி. குத்திக்கொண்டே அவரோடு மெதுவாக மேலே வந்தாள்.

மேலே வந்ததும்தான் இன்னொன்று நடந்தது. அவர் குழாயைத் துப்பிவிட்டு அவள் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கால் தண்ணீரை உதைக்கவில்லை, ஏணியைத் தேடியது. அவள் தலை தண்ணீருக்குள் அமுங்கியது. அமுங்கிய அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த மனிதர் வாழ்க்கையில் இடுப்புக்கு மேல் தண்ணீரைப் பார்த்தவரே இல்லை. அவர் அணிந்திருந்த காற்றுச் சட்டையின் பொத்தானைத் தடவி அழுத்தினாள். அது உப்பி அவரைத் தூக்கிப் பிடித்தது. கழுத்தை விடுவித்துக்கொண்டு, மூட்டையை இழுப்பது போல அவரைக் கரைக்கு இழுத்து வந்தாள்.

ஏலக்காரர் இருமினார். பிறகு தங்கை மெதுவாகக் கேட்டாள். அவள் மெதுவாகப் பேசினால் வீட்டில் எல்லோரும் வேறு அறைக்குப் போய்விடுவது வழக்கம்.

"ஏன் சார் மூச்சு விடல?"

"முதலாளி விடக் கூடாதுன்னு சொன்னாரே மேடம்."

"என்ன சொன்னாரு?"

"'உள்ள போனதும் மூச்சு விடாதீங்க சார். பாப்பா தலைகீழா நின்னு கேட்டாலும் மூச்சு விடாதீங்க'ன்னாரு. நீங்க அடக்காதீங்கங்கறீங்க. அவர் விடாதீங்கங்கறாரு. அடக்கவும் கூடாது, விடவும் கூடாது. நான் என்னதான் பண்றது? ரெண்டு பேருக்கும் பொதுவா உள்ள இழுத்துக்கிட்டே இருந்தேன்."

அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவன், அப்படியே நின்றான்.

"எதைப் பத்தி மூச்சு விடாதீங்கன்னாரு?" என்றாள் தங்கை.

"எதைப் பத்தின்னா?" ஏலக்காரர் குழம்பினார். பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தெளியத் தெளிய அது இன்னும் மோசமாக ஆனது. "அட. எனக்கு நீச்சல் தெரியாதுங்கறதைப் பத்தியா இருக்குமோ?"

"நாலு தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனீங்களாமே?"

"போனேனே. இப்படி ஓரமா, டைல்ஸ் மேல. முதலாளிதான் கூட வந்தாரு. சோதனை முடிஞ்சதுன்னாரு. இவ்வளவு சுலபமான்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"போனாருன்னுதானே சொன்னேன்?" என்றான் அண்ணன். "நீந்தினாருன்னு சொன்னேனா? யோசிச்சுப் பாரு."

அவன் அதைத் துளிக்கூடக் கூச்சமில்லாமல் சொன்னான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச வெட்கமும் அவனிடம் இல்லை. தான் உண்மையே சொல்லியிருப்பதாக அவன் நிஜமாகவே நினைத்தான். அதுதான் தாங்கவில்லை. அவள் ஏலக்காரருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

கடைக்கு வந்த பிறகுதான் வெடித்தது. ஏலக்காரரைப் பின்னறையில் மெத்தைமேல் உட்கார வைத்திருந்தார்கள். முன்பக்கம் அண்ணி மேசையில் இருந்தாள்.

"இப்ப என்ன ஆயிடுச்சு?" என்றான் அண்ணன். "ஒரு வார்த்தை இப்படியும் இருக்கும் அப்படியும் இருக்கும். அவரு தப்பா எடுத்துக்கிட்டாரு. இப்பத்தான் விளங்கிடுச்சே. நாளைக்கு நல்லா மூச்சு விடுவாரு. நீ கையெழுத்தைப் போடு."

"அந்த ஆளுக்கு நீந்தத் தெரியாது."

"பொண்ணு கூட இருக்கா. கடல்லயே கிடக்கறவ. பார்த்துக்க மாட்டாளா?"

"என்னைத் தண்ணிக்குள்ள அமுக்கினாரு அண்ணா. எனக்கு இதுதான் தொழில், நானே தண்ணி குடிச்சேன். நடுக்கடல்ல அந்தப் பொண்ணு கழுத்தைக் கட்டிக்கிட்டாருன்னா ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர். அவருக்கு நீச்சல் தெரியாதுங்கறதே அவளுக்குத் தெரியாது. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்னு நம்பி இறங்குவா."

"எல்லாம் உன் கற்பனை. ஏலக்காரங்க சங்கத்துலேர்ந்து நாப்பது பேரைக் கூட்டிட்டு வர்றேன்னு வாக்கு கொடுத்திருக்காரு. நாப்பது பேர் பாப்பா."

"நாப்பது பேரையும் டைல்ஸ் மேல நடக்க விடப் போறியா?"

"சரி. நீ போகாதே." அண்ணன் போனை எடுத்தான். "பக்கத்துத் தெரு தாடிக்காரனைக் கூப்பிடறேன். அவன் கையெழுத்துப் போடுவான். அவனுக்கு உன்ன மாதிரி வாய் கிடையாது. சிலிண்டர் எல்லாம் நிரப்பி ரெடியா இருக்கு. எடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பான்."

தாடிக்காரனைத் தங்கைக்குத் தெரியும். கூலிக்கு டைவிங் கூட்டிப்போகிறவன், சொந்தமாக ஒரு சிலிண்டர்கூடக் கிடையாது. அவன் சிலிண்டரைத்தான் பார்ப்பான், அதை யார் முதுகில் மாட்டுகிறோம் என்று பார்க்க மாட்டான். அண்ணன் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். தங்கை பின்னறைக்குப் போனாள்.

மெத்தைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. இன்று காலை அவள்தான் நிரப்பினாள். காற்றடைக்கும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் மாடியில் இருக்கும் பல் டாக்டருக்குக் கை நடுங்குகிறது என்று புகார் வந்ததிலிருந்து, அவர் வருவதற்கு முன் காலையில் மட்டுமே அதை ஓட்ட முடியும். நாளை ஓட்டி நிரப்பி முடிப்பதற்குள் படகு போய்விடும்.

அவள் குனிந்து முதல் சிலிண்டரின் திருகைத் திறந்தாள்.

சீறல் அறையை நிரப்பியது. மெத்தைமேல் இருந்த ஏலக்காரர் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். அவள் இரண்டாவதைத் திறந்தாள், மூன்றாவதைத் திறந்தாள். திருகின் மேல் வெள்ளையாய்ப் பனி பூத்தது. அண்ணன் ஓடி வந்தான். அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது, முதல் வார்த்தை பாப்பா என்பது மட்டும் புரிந்தது.

"என்ன பண்றே? காத்து எல்லாம் போகுது!" என்று காதருகே வந்து கத்தினான்.

"மூச்சு விடுது அண்ணா," என்று அவள் கத்தினாள். "நீ இதுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கணும்."

அவன் முதல் சிலிண்டரை மூடக் குனிந்தான். குளிர் சுட்டுக் கையை உதறினான். அப்போது அண்ணி உள்ளே வந்தாள். புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாலாவது சிலிண்டருக்கு முன்னால் குந்தினாள்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடப் பக்கம் அண்ணி."

"நீ எதுக்குடி இதுல?" என்றான் அண்ணன்.

அண்ணி திருகிக்கொண்டே சொன்னாள். "ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பொண்ணு வந்து யாருகிட்ட கேப்பா? உங்ககிட்டயா? நீங்க அன்னிக்கு ஊர்லயே இருக்க மாட்டீங்க. நான்தான் முன்னால உக்காந்திருக்கேன்."

திருகு திறந்தது. அவள் ஐந்தாவதுக்கு நகர்ந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணன் எதையும் மூட முயலவில்லை. கையை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டும் சீறி, தேய்ந்து, ஒவ்வொன்றாக அடங்கின. கடைசிச் சிலிண்டர் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. அந்த அமைதியில் ஏலக்காரரின் குரல் கேட்டது. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, நாளைக்குப் படகு இல்ல. என்ன படகா? அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு நீச்சல் தெரியாதும்மா. ஆமா, சுத்தமாத் தெரியாது. உன் கூட இறங்கலாம்னு இங்க ஒரு கடையில... இல்ல, மூழ்கல. மேடம் வயித்துல குத்திக் காப்பாத்திட்டாங்க. அழாதே. அழாதேன்னா... என்ன? முதலாளியா? இருக்காரு, இங்கதான் நிக்கறாரு."

அவர் போனை நீட்டினார். "உங்ககிட்ட பேசணுமாம்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை சுவரில் மாட்டியிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள், மறு கையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டாள், வாசலை நோக்கி நடந்தாள். பலகையில் நாலு திருகாணி. மாட்டும்போதே அவள் எண்ணி வைத்திருந்தாள்.

"மேடம்," என்று ஏலக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "நீச்சல் சொல்லித் தருவீங்களா?"

"திங்கக்கிழமை வாங்க. இடுப்பளவுத் தண்ணியில ஆரம்பிப்போம்."

முக்காலியைப் போட்டு ஏறியபோது கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்தாள். அண்ணன் போனைக் காதில் வைத்திருந்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்து மேலே பார்த்தான், வாயைத் திறந்தான், மூடினான். அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் நுரையீரல் வாய்த்திருக்க வேண்டும். தங்கை முதல் திருகாணியைக் கழற்றி, இரண்டாவதைக் கழற்றி, மீனின் சிரிப்பு ஒரு பக்கமாகச் சரியும்வரையிலும் அண்ணன் மூச்சு விடவில்லை.